உளுந்தின் மேல் ஒரு ஃபியட்

எண்பதுகளில் பாரிஸிலிருந்து என் மகன் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை அனுப்பியிருந்தான். அதில் வருங்கால நெடுஞ்சாலை என்று ஒரு படம். சாலைக்கு அடியில் பதித்த கம்பி காரைத் தானாக ஓட்டிக்கொண்டு போகுமாம். உள்ளே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். ஸ்டியரிங் பக்கம் ஒருவரும் இல்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. கோவில்பத்து வீட்டில் எனக்கும் ஒரு பழைய ஃபியட் நின்றது. சீட்டாடத்தான் ஆளில்லை. மனைவியும் மகனோடு போய்விட்டிருந்தாள்.

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு திருநள்ளாறு சாலையில் கிளம்பினேன். பங்குனி மாதம். பறித்த உளுந்துச் செடியைத் தார்ச்சாலை முழுக்கப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டி ஏறித்தான் எங்கள் பக்கம் உளுந்து உதிரும். படம் போட்டவனை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவனுடைய கார் இதைப் பார்த்தால் திகைத்து நின்றுவிடும்.

செடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளுமே என்று நான் ஓரமாக ஒதுங்கினேன். செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் கையை ஆட்டிக் கத்தினாள்.

"ஏன் ஒதுங்கிப் போறீங்க? மேலயே ஏத்துங்க! திரும்பி வரும்போதும் இப்படியே வாங்க!"

ஏற்றினேன். சக்கரத்தின் கீழ் காய்கள் படபடவென்று வெடித்தன.

என்னை ஒருவர் 'வாங்க' என்று கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. எனக்குப் போக வேண்டிய இடமும் ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரம் போய்க் காரைத் திருப்பினேன்.