கம்ப்ரசர் நின்றால் கேட்கும் பாட்டு

எனக்குப் பயமான பாட்டு ஒன்று உண்டு. அது ஜப்பான் பாட்டு என்பதே பின்னால்தான் தெரிந்தது.

மாமா திருச்செங்கோட்டிலிருந்து ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிறவர். வீட்டில் சோற்றுக்குச் சிரமமான ஒரு கோடையில் என்னையும் ஏற்றிக்கொண்டார். பள்ளிக்கூடம் அத்தோடு சரி.

ஈரோட்டுப் பழைய சாமான் கடையில் அவர் வாங்கிய டேப் ரெக்கார்டருக்குள் ஒரு கேசட் சிக்கியிருந்தது. புரியாத பாஷையில் ஒரு பெண் பாடுவாள். இரண்டு பக்கமும் அதே பாட்டு, திரும்பத் திரும்ப. அது ஓடியபோது போட்ட முதல் குழியிலேயே தண்ணீர் பீறிட்டதாம். அதிலிருந்து ரிக்குக்குக் காட்டும் கற்பூரத்தை டேப்புக்கும் காட்டிவிட்டுத்தான் வேலை தொடங்கும். "தொடாத சாமி, அது பாடுனாத்தான் தண்ணி வருது" என்பார் மாமா.

எனக்குத் தெரிந்தது வேறு. குழிக்குள் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடினால் காதருகே கத்தினாலும் கேட்காது. தண்ணீர் வந்துவிட்டாலோ ஒரே கூச்சல். வெறும் புழுதியே வந்து, இனிப் பிரயோசனமில்லை என்று கம்ப்ரசரை நிறுத்தும்போதுதான் அவள் குரல் வெளியே வரும். அது கேட்டால் யாரோ அழப்போகிறார்கள், அல்லது எங்களை அடிக்க வரப்போகிறார்கள். ஒரு ஊரில் லாரிக் கண்ணாடியையே உடைத்திருந்தார்கள்.

கெங்கவல்லிப் பக்கம் ஒரு விவசாயி. இரண்டு குழி ஏற்கெனவே பொய்த்து, மாடுகளை விற்று மூன்றாவது போட்டார். காலையிலிருந்து புழுதியை அள்ளி அள்ளி ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாயும்போது கம்ப்ரசர் நின்றது. காடு முழுக்க அவள் பாடினாள்.

அவர் வரப்பில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராக லாரியில் டேப்பருகே உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார். மாமா குழியருகே இருந்தார். டேப்பை நிறுத்தக் கையை நீட்டினேன், பொத்தான் அகப்படவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கால்சட்டை நனைந்தது.

"நிறுத்தாத கண்ணு" என்றார் விவசாயி.

மாமா ஓடிவந்து, "கோவிச்சுக்காதீங்க, பாறை அப்படிங்க" என்றார். விவசாயி திரும்பிப் பார்க்கவில்லை. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றார். அது மறுபடி தொடங்க, மறுபடியும் கேட்டார். பிறகு போய் ஒரு கல்லை நெம்பிப் புரட்டிக் குழியின் வாயை மூடினார். கடப்பாரை அதற்குத்தான். அவர் வீட்டிலும் என் வயதில் பிள்ளைகள் இருந்தார்கள்.

அதன்பின் நானும் எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். போன மாதம் சேலத்தில், அறையில் கூடத் தங்கியிருந்த பையனிடம் அந்த ராகத்தை முனகிக் காட்டினேன். செல்போனில் தேடிப் பிடித்துவிட்டான். ஜப்பானிலேயே அதிகம் பேருக்குத் தெரியாத பாட்டாம். ஆனாலும் கேட்டவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். முதல் வரியிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் பாட்டை நிறுத்தப் போனான்.

நிறுத்தாதே என்றேன். எல்லாம் போன நேரத்திலும் அப்படி ஒருவர் சொல்வார் என்பதுதான் லாரியில் இருந்த குழந்தைக்கு விளங்காமல் போனது.