மாவில்லாமல் வைத்த கூழ்

கேட்டி என்ற இந்த வெளிநாட்டு ஊரில் மகன் வீட்டுக்குப் பின்புறம், பாட்டியோ என்கிற திறந்த முற்றத்தில் ஒரு காஸ் அடுப்பு இருக்கிறது. மீனும் நண்டும் சமைப்பதென்றால் நான் அங்கேதான் பானையை ஏற்றுவேன். வீட்டுக்குள் சமைத்தால் அந்த மணம் திரைச்சீலையை விட்டு ஒரு கிழமைக்குப் போகாது.

அன்று எங்கள் ஊர் ஒடியல் கூழ். மருமகளின் தாயார் சென்னையிலிருந்து வந்திருந்தார். வந்த நாளிலிருந்து அவர்தான் சமைத்தார். ஒன்றிலும் குறை சொல்ல முடியாதபடி சமைத்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்கட கூழை ஒருக்கால் குடிச்சுப் பாருங்கோ சம்பந்தி, பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்து காட்ட வேண்டாமா?

மகன் கடற்கரை வரை கார் ஓட்டிப்போய் உயிர் நண்டு வாங்கி வந்தான். நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் கொதிக்கத் தொடங்கின. இனி மாவைக் கரைத்து ஊற்றினால்தான் கூழ் தடிக்கும். மகன் கடையில் வாங்கி வந்திருந்த மாப் பாக்கெட்டை வெட்டினேன். இனிப்பு மணம் அடித்தது.

"தம்பி, என்னத்தையடா வாங்கிக்கொண்டு வந்தனீ?"

"ஒடியல் மாதானே கேட்டனீங்கள்? பனங்கிழங்குப் படம் போட்டிருக்கு, எடுத்தன்."

பனங்கிழங்குதான். ஆனால் பச்சையாகக் காயவைத்து இடித்தால் ஒடியல் மா. அவித்துக் காயவைத்து இடித்தால் புழுக்கொடியல் மா. அதைத் துருவிய தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம். கூழில் போட்டால் தடிக்காது.

திரும்பக் கடைக்குப் போய் வர நேரமில்லை. உள்ளேயிருந்து சம்பந்தியின் குரல் கேட்டது: "என்னங்க சம்பந்தி, ரெடியா? இங்க வாசனை வந்து ஆளைத் தூக்குது!"

"வருது, வருது" என்றேன்.

வெந்திருந்த மரவள்ளிக்கிழங்கில் பாதியை அள்ளி அகப்பைக் காம்பால் மசித்தேன். புளியோடும் அரைத்த செத்தல் மிளகாயோடும் கரைத்துப் பானையில் ஊற்றிக் கிண்டினேன். மெல்ல மெல்லத் தடித்து வந்தது. உப்புப் பார்த்தேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் ஒடியலுக்கென்று தொண்டையில் நிற்கும் ஒரு சின்னக் கைப்பு உண்டு. அது இல்லை.

சம்பந்தி முதல் கோப்பையை உறைப்பில் மூக்கைத் துடைத்துத் துடைத்துக் குடித்தார். இரண்டாவதில் நண்டுக்காலை எடுத்துக் கடித்தார்.

"அடேங்கப்பா! இதுதான் அந்த ஒடியல் கூழா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். ஓம் என்று சொன்னால் முடிந்தது, யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் என் கூழுக்கு நானே பொய்ப்பெயர் வைப்பதா?

"இது அது இல்லை. மா மாறிப்போச்சு. இது மரவள்ளி போட்டுச் சமாளிச்சது. உண்மையான கூழ் இதைவிட நூறு மடங்கு திறம். அதுக்கு நீங்கள் இன்னொருக்கா வரவேணும்."

சம்பந்தி கோப்பையை நீட்டினார்.

"வரேங்க. அந்த நூறு மடங்கை உங்க புள்ளைக்கு ஊத்துங்க. எனக்கு இதே வைங்க, போதும்."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. அடியில் கிடந்த பெரிய நண்டாகப் பார்த்து அவருக்குப் போட்டேன்.