அம்சவல்லி கட்டிய பிராது

அம்சவல்லி அக்கா எங்கள் ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் உட்கார்ந்து பதினேழு வருஷம் ஆகிறது. நான் சகாயராஜ், பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத வயிறுதான் எரிகிறது.

வசூலுக்கு அக்காவிடம் ஒரு வழி இருந்தது. பீங்கான் கம்பெனி ஆள் என்றால் சனிக்கிழமை சாயந்திரம் போன் போடுவார், அன்றுதான் கூலி. முந்திரித் தோப்புக்காரர் என்றால் சித்திரையில் கொட்டை விற்கும் வரை வாயே திறக்க மாட்டார். "இல்லாதப்ப கேட்டா பொய்தான் தம்பி வரும். இருக்குறப்ப கேட்டா பணம் வரும்" என்பார். வந்தது. ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரான பெரிய டாக்டரும் அதில் தலையிட்டதில்லை.

பெரிய டாக்டரின் மகன் கார்முகில் சென்னையில் நிர்வாகம் படித்துவிட்டு வந்ததும் ஆஸ்பத்திரி முன்னேற ஆரம்பித்தது. புது கம்ப்யூட்டர். வெளியூரிலிருந்து பணம் அனுப்ப பில்லின் அடியில் ஒரு போன் நம்பர். கூடவே ஒரு சட்டம்: முழுப் பணம் கட்டாமல் எதுவும் நடக்காது. ஊழியர் யாராவது கையெழுத்துப் போட்டால் பாக்கி வைக்கலாம். ஒரு மாதத்தில் வராவிட்டால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

ஆடி மாதம், கொளஞ்சிநாதன் என்ற பீங்கான் கம்பெனித் தொழிலாளியின் மனைவி செல்வநாயகிக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை எடுத்தார்கள். பன்னிரண்டாயிரம் பாக்கி. "ஒரு மாசத்துல கட்டிடுறேங்க" என்றான். அக்கா கையெழுத்துப் போட்டார். மாதம் முடிந்தும் கம்ப்யூட்டரில் பாக்கி அப்படியே நின்றது. கம்பெனியை மூடிவிட்டார்கள், அவன் திருப்பூர் போய்விட்டான், அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். அவன் போன் அணைந்து கிடந்தது. அக்காவின் பதினோராயிரம் சம்பளத்தில் மாதம் நாலாயிரமாக மூன்று மாதம் பிடித்தான் கார்முகில். அது அக்கா மகள் கனிமொழியின் நர்சிங் காலேஜ் ஃபீஸ். கட்டாததால் அந்தப் பெண்ணைப் பரீட்சை எழுத விடவில்லை.

"பதினேழு வருஷத்துல ஒருத்தரும் என்ன ஏமாத்துனதில்ல தம்பி" என்று அழுதார் அக்கா. பிறகு நேரே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனார். யாராலும் தீராத வழக்கு அங்கே தீரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சர்ச்சுக்குப் போகிற எனக்கும் அதில் பயம் உண்டு. எதிராளியின் பேரும் ஊரும் எழுதி, அவன் ஊர் இருக்கிற தூரத்துக்குத் தக்க பணம் கட்டி, மனுவை வேலில் கட்டிவிட்டு வருவார்கள். அதுதான் பிராது. தொண்ணூறு நாளில் சாமி விசாரித்துவிடுவார். சாமி பேரை வைத்தவன் மேல் சாமியிடமே பிராது கட்டினார் அக்கா.

பிராது ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? இருபதாம் நாள் செல்வநாயகி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள்.

"புள்ளைக்கு ஒரு வாரமா ஜொரம் வுட மாட்டேங்குதுக்கா. எங்க மேல எதுக்கு பிராது கட்டுனீங்க? பணத்த அப்பவே அனுப்பிட்டோமே!"

போனைக் காட்டினாள். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே, பில்லில் இருந்த நம்பருக்குப் பன்னிரண்டாயிரம் போயிருந்தது. அது கார்முகிலின் சொந்த நம்பர். அவன் கணக்குக்குப் போனது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

கார்முகில் தன் போனைத் தடவிப் பார்த்தான். "ஆமா, வந்திருக்குது. நான் கவனிக்கல."

"அப்ப எங்கிட்ட புடிச்சது சார்?"

"கணக்கு முடிச்சாச்சு அம்சவல்லி. ஆடிட்டர்கிட்ட கேட்டுப் பாக்கலாம்."

சின்ன வயதில் தன் டிபன் பாக்ஸைக் கழுவிக் கொடுத்தவரைத்தான் அப்படிப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

அன்றே அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அக்கா பிராதை வாபஸ் வாங்கக் கிளம்பினார். நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். வாங்கி முடித்ததும் இன்னொரு தாள் கேட்டார். 'கார்முகில்' என்று எழுதினார். பேனா நின்றது.

"எழுதுங்கக்கா" என்றேன்.

"அவனுக்கு ஒண்ணு ஆனா ஆஸ்பத்திரிய மூடிடுவாங்க. கனிமொழி ஃபீஸ யாரு கட்டுறது? ஒனக்குத்தான் சம்பளம் யாரு குடுப்பாங்க?"

தாளை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை செல்வநாயகி மறுபடி வந்தாள். பிராதை எடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. நான் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, உடனே சேர்க்க வேண்டும் என்றார். அட்வான்ஸ் ஐயாயிரம். அவள் கையில் எண்ணூறு இருந்தது.

"சனிக்கிழம அவரு அனுப்பிடுவாருக்கா. ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க..."

அக்கா தலை நிமிரவில்லை. "கட்டுனாதான் பெட்டு."

"நாங்க ஒங்கள ஏமாத்தலியேக்கா."

"தெரியும். கட்டுனாதான் பெட்டு."

செல்வநாயகி குழந்தையைச் சேலையால் போர்த்திக்கொண்டு கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க வெளியே போனாள். கார்முகில் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்பதான் கவுண்டர் ஒழுங்கா நடக்குது" என்றான்.

அக்காவை நீங்கள் திட்டலாம். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சட்டப்படி கையெழுத்தை ஊழியர் யார் வேண்டுமானாலும் போடலாம். அந்த நேரம் நான் கவுண்டருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் சட்டைப் பையில் பேனா இருந்தது.