சுஹைரா ராத்தாட ரெண்டாவது காட்

சுஹைரா ராத்தாட கம்பியூட்டரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு இப்பவும் தோள்பட்டை நோகுது. அந்தப் பெட்டியை மடியில வெச்சுக்கொண்டு கிண்ணியாவில இருந்து திருகோணமலை டவுனுக்கு ஆட்டோவில போய் வந்தவள் நான்தான். ஒருக்கா என்டாலும் பரவாயில்ல, மூண்டு தரம்.

நான் ரிஸ்லா. கலியாண வீடுகளில பொம்பிளைகள் பக்கம் வீடியோ எடுக்கிறவள். ராத்தா என்ட கூடப்பிறந்தவ இல்ல, பக்கத்து வீட்டுக்காரி. நான் எடுத்துக்கொண்டு வாறதை வெட்டி ஒட்டிப் படமாக்கிறது அவட வேலை. எங்கட ஊரில பொம்பிளைகள் இருக்கிற இடத்துக்கு ஆம்பிளைக் கெமராக்காரன் வரமாட்டான். ஆனால் எடுத்த வீடியோவை ஆர் எடிட் பண்றது என்டு முந்தி ஒருத்தரும் யோசிக்கல்ல. ராத்தாட தங்கச்சிட கலியாண வீடியோவை எங்கயோ எடிட்டுக்குக் குடுத்திருக்கிறாங்க. வாங்கப் போனால், அங்க நாலு பொடியன்மார் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்து பார்க்கிறாங்களாம்! ராத்தா வந்த கோபத்தில சாமான் அறையை ஒழிச்சா, யூடியூப்பைப் பார்த்துப் படிச்சா, தானே எடிட் பண்ணத் தொடங்கிட்டா. முதல் படத்தில ஒரே துண்டைப் பல தரம் ஒட்டிப்போட்டா, மாப்பிள்ளைட மாமி ஒரே வட்டலப்பத்தைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தா. மாமி இன்னும் எங்களோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்ல. பேந்து கை திருந்திட்டுது.

ராத்தாட சட்டம் ஒன்டுதான். "பொம்பிளைகள்ட வீடியோ என்ட கையை விட்டுப் போகாது. அது அமானிதம், எங்களை நம்பித் தந்தது."

கம்பியூட்டருக்குள்ள ரெண்டு கிராபிக்ஸ் காட். வெட்டி ஒட்டின படத்தை ஒரே பைலா எக்ஸ்போர்ட் பண்ணக்குள்ள ரெண்டும் வேலையைப் பங்கு போடும், கெதியா முடியும். அதுக்கு மேல ராத்தா ஒரு வேகமான எஸ்.எஸ்.டி.யும் வாங்கினா. சுவிங்கம் துண்டளவு சாமான், கலியாணம் முழுக்க அதுக்குள்ள அடங்கும். மதர்போர்டில அது இருக்கிறதுக்கு ரெண்டு இடம். ஒன்டு பெரிய காட்டுக்கு அடியில மறைஞ்சிருக்கு. மற்றது கீழ, கைக்கு எட்டுற மாதிரி. ராத்தா கீழ் இடத்தில பூட்டினா. ஏனென்டால் வேலை முடிஞ்சதும் அதைக் கழட்டி, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள வெச்சு, அலுமாரியில போட்டுத் திறப்பை இடுப்பில சொருகினால்தான் அவக்குச் சோறு இறங்கும்.

அந்த நேரம்தான் எங்கட ஒழுங்கையில இருக்கிற நஜ்முன் நிஸாட மகள் றுஷ்தாட கலியாணம் வந்தது. நஜ்முன் நிஸா குவைத்தில வீட்டு வேலை. மகள் தத்தித் தத்தி நடந்த காலத்தில போனவ. றுஷ்தாவை வளர்த்தது சாச்சி, நஜ்முன் நிஸாட தங்கச்சி. சாச்சியைத்தான் அந்தப் புள்ள 'உம்மா' என்டு கூப்பிடும். பெத்தவளை ஒன்டும் சொல்லிக் கூப்பிடாது, பக்கத்தில வந்து நின்டு கதைச்சிட்டுப் போகும். ஊருக்கே தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கிறேல்ல. கலியாணத்துக்கு லீவில வந்த நஜ்முன் நிஸா எங்களிட்டக் கேட்டது ஒன்டே ஒன்டு. "நான் போறதுக்கு முந்திப் படத்தைத் தந்திருங்க புள்ள. அங்க லீவு நாளில பார்க்கிறதுக்கு எனக்கு வேறென்ன இருக்கு?"

"இன்ஷா அல்லாஹ், கட்டாயம்" என்டு ராத்தா வாக்குக் குடுத்திட்டா. புது எஸ்.எஸ்.டி. குடுத்த தைரியம்!

வேலையில குந்தினால், ரெண்டாவது காட்டைக் காணல்ல. காத்தாடி சுத்துது, லைட் எரியுது, கம்பியூட்டர் மட்டும் 'அப்பிடி ஒருத்தர் இங்க இல்ல' என்டு சாதிக்குது. எக்ஸ்போர்ட் போட்டால் ஒத்தைக் காட் மூச்சு வாங்கி வாங்கிப் போய் பாதியில படுத்திட்டுது. ராத்தா எஸ்.எஸ்.டி.யைக் கழட்டிக் கண்ணாடிக் கூட்டில வெச்சு, கூட்டைக் கைப்பைக்குள்ள போட்டா. பெட்டியை என்ட மடியில வெச்சா. நௌபர் மச்சான், அவட புருஷன், ஆட்டோவை எடுத்தார்.

டவுனில கம்பியூட்டர் திருத்திறது துவாரகன்ட கடையில. நல்ல பொடியன், மரியாதையாக் கதைப்பான். பெட்டியைப் போட்டுப் பார்த்தால் ரெண்டு காட்டும் மணி மாதிரி வேலை செய்யுது.

"ஒரு பிழையும் இல்லையே அக்கா. கடல்காத்தா இருக்கும். உப்புப் படிஞ்சு பிடிக்காமல் விட்டிருக்கும்" என்டு துடைச்சுத் தந்தான்.

எங்கட பக்கம் உப்புக்காத்து என்டால் மறுபேச்சில்ல. சைக்கிள் கறள் பிடிச்சாலும் அதுதான், ரேடியோ இரைஞ்சாலும் அதுதான். வீட்டுக்கு வந்து எஸ்.எஸ்.டி.யைப் பூட்டினோம். ரெண்டாவது காட்டைக் காணல்ல.

ரெண்டாம் தரமும் கழட்டி, கைப்பை, என்ட மடி, ஆட்டோ. கடையில ரெண்டு காட்டும் சிரிச்சுக்கொண்டு நிக்குது. எனக்கு வந்த விசருக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் குடாக்கடலில போட்டிருப்பன். வீட்டுக்கு வந்து ராத்தா யன்னலெல்லாம் அடைச்சா, இடுக்கெல்லாம் துணி வெச்சா. மூண்டு பேரும் அவிச்ச புட்டு மாதிரி வேர்த்து வழியிறம். "கம்பியூட்டருக்குக் காத்துப் படக்கூடாதாம், மனிசர் மூச்சு முட்டிச் செத்தாலும் பரவாயில்லையாம்" என்டு மச்சான் வெளியில போய்ப் படுத்திட்டார். காட்டை மட்டும் காணவே இல்ல.

நஜ்முன் நிஸா போற நாள் கிட்ட வந்திட்டுது. மூண்டாம் தரம் கடைக்குள்ள போன கையோட நான் வெடிச்சன். "தம்பி, கடல் உங்கட கடைக்குப் பின்னாலயும்தானே கிடக்கு! இங்க அடிக்காத உப்பா அங்க அடிக்குது?"

துவாரகன் தலையைச் சொறிஞ்சான். "அக்கா, வீட்டில இதுக்குள்ள வேற ஏதும் பூட்டுறனீங்களோ?"

ராத்தா கைப்பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டா. முகம் சிவந்து போச்சு. "ஒரு எஸ்.எஸ்.டி. இருக்குது. தரமாட்டன் தம்பி. பொம்பிளைகள்ட வீடியோ."

"எங்க பூட்டுறனீங்கள் எண்டு மட்டும் காட்டுங்கோ."

ராத்தா கீழ் இடத்தைக் காட்டினா. அவன் நெத்தியில அடிச்சுக்கொண்டு, தன்ட மேசை லாச்சியில கிடந்த வெறும் எஸ்.எஸ்.டி. ஒன்டை அதில பூட்டினான். ரெண்டாவது காட் அவன்ட கண்ணுக்கு முன்னாலயே காணாமல் போச்சு. கழட்டினான், வந்திட்டுது.

"ஒரே பைப்பில ரெண்டு வீட்டுக்குத் தண்ணி எடுத்த மாதிரித்தான் அக்கா. இந்த இடத்துக்கும் ரெண்டாவது காட்டுக்கும் போறது ஒரே லேன். எஸ்.எஸ்.டி. இருந்தால் லேனை அது எடுத்துப்போடும், காட் படுத்திடும். மேல் இடத்துக்குத் தனி லேன். அதில பூட்டுங்கோ. இதைக் கழட்டாமல் கொண்டு வந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பன். நானும் உப்பெண்டு ஒரு பேய்க்கதை கதைச்சிட்டன்."

யா அல்லாஹ்! கழட்டச் சுகமா இருக்கோணும் என்டு கீழ பூட்டினதால பழுது. கழட்டிக்கொண்டு போனதால பழுது தெரியல்ல. எல்லாம் அந்த அமானிதம் செய்த வேலை. ஆட்டோவில நான் ராத்தாவை ஏசிக்கொண்டே வந்தன். "ஏசு, ஏசு. கையை விட்டுப் போகல்லத்தானே?" என்டு அவ கைப்பையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறா.

நஜ்முன் நிஸா போற நாள். எயார்போட் வேன் ஒழுங்கைக்கு வந்திட்டுது. படம் பென் டிரைவில ரெடி. "ஒருக்காப் பார்த்திட்டுப் போறன்" என்டு அவ கதிரையில குந்திட்டா. றுஷ்தா மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வெளிக்கிடுற இடம் வந்தது. ராத்தா அதில நல்ல பாட்டொன்டும் போட்டு, பூக் கொட்டுற எபெக்டும் போட்டிருந்தா.

"இந்த இடத்தில பாட்டை நிப்பாட்ட ஏலாதா புள்ள? அவ எனக்கு என்னமோ சொல்றா. வாய் அசையுது. அந்த நேரம் நான் அழுத அழுகையில எனக்கு ஒன்டும் கேக்கல்ல."

எனக்கும் கேட்கல்ல. கெமரா பிடிச்சவள் நான், கூட்டத்து இரைச்சலில கவனிக்கல்ல. ராத்தா பாட்டைத் தூக்கி, சத்தத்தைக் கூட்டினா.

"போயிட்டு வாறன் உம்மா."

சாச்சி அந்தப் பக்கத்திலயே இல்ல. புள்ள நஜ்முன் நிஸாட கையைப் பிடிச்சுக்கொண்டு, அவட முகத்தைப் பார்த்துச் சொல்லுது. நான் விக்கி விக்கி அழுதிட்டன். எனக்கென்ன வெக்கம்?

"இப்பிடியே தாங்க" என்டா நஜ்முன் நிஸா. வெளியில வேன் ஹோர்ன் அடிக்குது. முழுப்படத்தையும் திரும்ப எக்ஸ்போர்ட் போடோணும். நௌபர் மச்சான் ட்ரைவரைப் பிடிச்சுக் குந்த வெச்சு, தேத்தண்ணி குடுத்து, மகன் எத்தினையாம் வகுப்பு, மாமனார் எந்த ஊர் என்டு விசாரிச்சுக்கொண்டிருக்கார். உள்ளுக்கு ரெண்டு காட்டும் சேர்ந்து இரையுது. ஒத்தைக் காட்டா இருந்திருந்தால் வேன் தம்பலகாமம் தாண்டியிருக்கும். ட்ரைவர் ரெண்டாவது கோப்பையை வேணாம் என்டு எழும்பக்குள்ள படம் முடிஞ்சுது. ராத்தா பென் டிரைவை நஜ்முன் நிஸாட கையில வெச்சுப் பொத்தினா.

இப்ப எஸ்.எஸ்.டி. மேல் இடத்தில. அதைக் கழட்டப் பெரிய காட்டையே தூக்கோணும். ராத்தா ஒவ்வொரு நாளும் முணுமுணுத்து முணுமுணுத்துத் தூக்கிறா. விடமாட்டா.

போன கிழமை குவைத்தில இருந்து வொய்ஸ் மெசேஜ் வந்தது. "புள்ள, கோவிச்சுக்காதீங்க. படம் முழுக்க இன்னும் பார்க்கல்ல. அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து லீவு முடிஞ்சு போகுது."

"பார்த்தியா ரிஸ்லா, நான் போட்ட எபெக்ட் ஒன்டையும் பார்க்கல்லையாம்" என்டு ராத்தா மூக்கைத் துடைச்சா. பேந்து அந்த மெசேஜைத் திரும்பப் போடச் சொன்னா.