கரவனுக்குப் பின்னால் நாலு சைக்கிள்

கரவன் இழுக்கிற ட்ரைவருக்கு எதிரில வாற லொறியில பயமில்லை, தன்ர வாலில தொங்குற சைக்கிளிலதான் பயம். வான் கூரையில மெத்தை கட்டிக்கொண்டு போய், வழி முழுக்க நெஞ்சு இடிச்ச அண்ணன்மாருக்கு நான் சொல்லுறது உடனே விளங்கும். மற்றவைக்குக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். கரவன் எண்டா ரெண்டு சில்லில ஓடுற ஒரு அறை. உள்ளுக்குக் கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு சின்னத் தொட்டி எல்லாம் இருக்கும். அதை டபுள் கெப் வாகனத்தில கொளுவி இழுத்துக்கொண்டு போய், ஆக்கள் கேக்கிற கடற்கரையிலயோ மலையிலயோ விடுறதுதான் என்ர வேலை. எனக்கு வீடு கொட்டாஞ்சேனையில. கரவன் நிக்கிறது வெள்ளவத்தையில, முதலாளி நசீர் நானாவின்ர வீட்டு வளவுக்குள்ள. லீவுக்குப் போற சனம் சைக்கிளையும் கொண்டு வரும் எண்டு, கரவனுக்குப் பின்பக்கம் நாலு சைக்கிள் ஏத்துற இரும்பு ஸ்டாண்ட் ஒண்டை நானா அடிச்சுப் பூட்டினார். அண்டைக்குப் போனதுதான் என்ர நிம்மதி.

முதலாவதா விழுந்தது

முதல் ட்ரிப் திருகோணமலைக்கு, ஒரு டொக்டர் குடும்பம். நாலு சைக்கிளையும் பட்டி போட்டு இறுக்கி ஆட்டிப் பார்த்தன், அசையேல்லை. பெரிய ஆள் மாதிரி வெளிக்கிட்டன். கெப்பின்ர சில்லு ஒரு சின்னப் பள்ளத்தில விழுந்தாலே கரவன்ர வால் முழங்கை உயரத்துக்குத் துள்ளும் எண்டு எனக்கு அப்ப ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. துள்ளத் துள்ளப் பட்டி தளரும். ட்ரைவருக்கு அது தெரியவும் மாட்டாது. கண்ணாடியில கரவன்ர ரெண்டு விலாவும்தான் தெரியும், முதுகு தெரியாது.

ஹபரணை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில சின்னச் சைக்கிள் கழண்டு ரோட்டில விழுந்துட்டுது. பின்னால மோட்டர் சைக்கிளில ஒரு மனுசன், மனுசி, நடுவில பிள்ளை. அந்த மனுசன் சட்டெண்டு வெட்டிப் புல்லுக்குள்ள இறக்கினதால தப்பிச்சினம். நான் நிப்பாட்டிப்போட்டு ஓடினன். மனுசி ஏசித் தீர்க்கப் போறா எண்டு நினைச்சன். ஏசேல்லை. விழுந்த சைக்கிளைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என்ர கையில தந்து, என்னைத் தம்பி எண்டு கூப்பிட்டுச் சிங்களத்தில மெல்லமாச் சொன்னா: "மல்லி, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தா இது என்ர பிள்ளைக்கு மேலதான் விழுந்திருக்கும்."

நானாவின்ர தீர்ப்பு

திரும்பி வந்து நானாவிட்ட ஒண்டையும் மறைக்கேல்லை. அவர் சத்தம் போடுற ஆளில்லை. குடிச்சுக்கொண்டிருந்த பிளேன்டீயைக் கீழ வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த வேலைக்கு வர முன்னம் நான் ஒன்பது வருசம் எயார்போட் வான் ஓடினனான். ஆக்களின்ர பேரெழுதின மட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு நிண்டு இடுப்பு நாரி பிடிச்சுப் போச்சு. கரவன் அப்பிடியில்லை. ஒருத்தரும் வேகமாப் போ எண்டு சொல்லேலாது. போய்ச் சேர்ந்தாப் பிறகு ரெண்டு நாள் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். நாரிப் பிடிப்பும் விட்டுப் போச்சு. இந்த வேலை போனா எனக்கு எவ்வளவு கவலை எண்டு நானாவுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னார்: "இன்னொரு சைக்கிள் ரோட்டுல விழுந்தா நான் கரவன விக்கிற. நீங்க பழையபடி எயார்போட் வான் ஓடுங்க."

மணிக்கொருக்கா

அதுக்குப் பிறகு ஒரு முடிவெடுத்தன். மணிக்கொருக்கா நிப்பாட்டி, இறங்கிப் போய், ஒவ்வொரு பட்டியையும் இழுத்துப் பார்க்கிறது. வேலை அஞ்சு நிமிசம்தான். ஆனா நல்ல ஏசியில நித்திரை கொள்ளுற சனத்துக்கு அந்த அஞ்சு நிமிசம் அரை நாள். கனடாவிலயிருந்து வந்த ஒரு ஐயா, குடும்பத்தோட யாழ்ப்பாணம் போறார். குருநாகலில நிப்பாட்டினன், முகத்தைச் சுளிச்சார். தம்புள்ளையில நிப்பாட்டினன், மணிக்கூட்டைப் பார்த்தார். மதவாச்சியில நான் கதவைத் திறக்க முன்னமே முன்சீட்டில இருந்து கேட்டார்: "தம்பி, உமக்குச் சலரோகம் கிலரோகம் இருக்கோ? மணிக்கொருக்கா இறங்குறீர்."

சாமி காட்டின வழி

வவுனியா தாண்டினாப் பிறகு நிப்பாட்ட எனக்கு வாயே வரேல்லை. பயத்தோட ஓடுறன். முறிகண்டி கிட்ட வந்திச்சுது, அதே ஐயாதான், "பிள்ளையாரிட்ட நிப்பாட்டும் தம்பி" எண்டார். அந்த ரோட்டில முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போற எங்கட சனம் குறைவு. தேங்காய் உடைச்சு, திருநீறு பூசி, கச்சான் கடலை வாங்கி, படம் எடுத்து அரை மணித்தியாலம் நிண்டினம். ஒருத்தரும் மணிக்கூட்டைப் பார்க்கேல்லை. நான் நாலு பட்டியையும் கழட்டி ஆற அமரத் திரும்பக் கட்டினன்.

அண்டைக்குப் பிடிச்சன் சூட்சுமத்தை. பட்டிக்கு நிப்பாட்டினா ஏச்சு, சாமிக்கு நிப்பாட்டினா எனக்கு முதல் தாங்கள் இறங்கி நிப்பினம். சிங்களக் குடும்பம் எண்டா அரசமரத்தடி விகாரை, முஸ்லிம் குடும்பம் எண்டா தொழுகை நேரத்துக்குப் பக்கத்துப் பள்ளி, வேதக்காரர் எண்டா சந்திக்குச் சந்தி அந்தோனியார். எல்லாருக்கும் புண்ணியம், எனக்கு இறுக்கின பட்டி. ஒரேயொருக்கா கொஞ்சம் கூடிப் போச்சு. சிலாபம் ரோட்டில கொச்சிக்கடை அன்ரி ஒருவரோட போறன், பட்டி புதுசு, எனக்கு நம்பிக்கை வரேல்லை. நாலாவது அந்தோனியார் சுரூபத்தடியில நிப்பாட்ட அவ இறங்காமல் இருந்துகொண்டு சொன்னா: "அந்தோனியாருக்கு இண்டைக்கு மூண்டு தரம் மெழுகுதிரி கொளுத்தியாச்சு தம்பி, அவருக்கே அலுத்துப் போயிருக்கும்."

வீடியோ பார்த்த இஞ்சினியர்

பின்னால கட்டினாத்தானே துள்ளும், கெப்புக்கும் கரவனுக்கும் இடையில கட்டும் எண்டு ஒரு இஞ்சினியர் ஐயா பிடிவாதமா நிண்டார். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் அப்பிடிக் கட்டிக்கொண்டு ஓடுற வீடியோவையும் காட்டினார். இஞ்ச வளையிற வளைவுக்கு இது சரிவராது எண்டு நான் சொல்லிப் பார்த்தன், படிச்ச மனுசனோட எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுறது? அவரே கட்டினார். வெள்ளவத்தை லேனுக்குள்ளயிருந்து காலி வீதிக்குத் திருப்பினன், சைக்கிள் ஹாண்டில் கரவன்ர முன்கண்ணாடியைக் குத்திக்கொண்டு உள்ள போயிட்டுது. ட்ரிப் தொடங்கி நூறு மீற்றர் கூட இல்லை. ரோட்டில நிண்ட சனமெல்லாம் பார்க்குது, அவர் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார். பின்சீட்டில இருந்த அவற்ற மனுசிதான் ஆறுதலாச் சொன்னா: "அந்த வீடியோக்காரன் வெள்ளவத்தையில இருக்கேல்லையப்பா."

நானாவின்ர முடிச்சு

போன லீவுக்கு நானாவே குடும்பத்தோட நுவரெலியாவுக்கு வெளிக்கிட்டார். பேத்திக்குப் புதுச் சிவப்புச் சைக்கிள் வாங்கியிருந்தார். மற்ற மூண்டையும் நான் பட்டி போட்டுக் கட்ட, அதைத் தான் கட்டுவன் எண்டு நைலோன் கயிறோட வந்தார். நானா, பட்டி போடுவம் எண்டன். புறக்கோட்டையில முப்பது வருசம் மூட்டை கட்டின கை, நீங்க எனக்குச் சொல்லித் தாறீங்களா எண்டு சிரிச்சார். முடிச்சைப் பார்த்தன், குறை சொல்ல ஒண்டுமில்லை.

பகல் தொழுகை நேரம் பார்த்து ஒரு பள்ளிக்குக் கிட்ட வேகத்தைக் குறைச்சு, "நானா, ளுஹர்" எண்டன். பயணத்தில ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம், நுவரெலியா போய்த் தொழுவம், ஓடுங்க எண்டார். என்ர வித்தை அந்த இடத்தில படுத்திட்டுது. புசல்லாவை தாண்டி ஏத்தம் தொடங்கிச்சு. வளைவுக்கு வளைவு பின்னால ஒரு மோட்டர் சைக்கிள் கண்ணாடியில தெரியிறதும் மறையிறதுமா வருது. ஒரு மனுசன், மனுசி, நடுவில பிள்ளை. எனக்கு ஹபரணை ஞாபகம் வந்திட்டுது. நிப்பாட்டவா நானா எண்டு கேட்டன். வாணாம் எண்டார். திரும்பக் கேட்டன். பனிமூட்டம் இறங்க முன்னம் போகணும், சொல்றதக் கேளுங்க எண்டார், குரல் மாறிப் போச்சு. கட்டினது முதலாளி, ஓடு எண்டு சொல்லுறதும் முதலாளி. ஆனா விழுந்தா வேலை போறது எனக்குத்தானே. இப்ப நிப்பாட்டினாலும் போகும். வேலை போனாப் போகட்டும், அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் ஆகக்கூடாது எண்டு ஒரு தேத்தண்ணிக் கடையடியில ஓரம் கட்டினன்.

நானா என்ர முகத்தைப் பார்க்கேல்லை. பின்னால போய்ப் பார்த்தன். முடிச்சு அவிழேல்லை, கயிறுதான் இழுபட்டு நீண்டிருந்தது. சிவப்புச் சைக்கிள் பக்கத்துச் சைக்கிளின்ர கம்பிக்குள்ள ஒரு பெடலை மட்டும் கொளுவிக்கொண்டு தொங்குது. முன்சில்லு ரோட்டில தேய்ஞ்சு புது டயர் வெளிறிப் போயிருந்தது. நானா மெதுவா இறங்கி வந்தார். அந்த நேரம் பார்த்து மோட்டர் சைக்கிளும் எங்களைத் தாண்டிப் போச்சுது, நடுவில இருந்த பிள்ளை எங்களுக்குக் கை காட்டிச்சுது. நானா அது வளைவில மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிண்டார். பிறகு தன்ர முடிச்சைத் தானே அவிழ்த்து, கயிறைத் தேத்தண்ணிக் கடைக் குப்பைக்குள்ள போட்டிட்டு வந்து, என்ர தோளில கையை வைச்சார். எனக்கு அழுகை வந்திட்டுது, வெக்கத்தில பட்டி தேடுற மாதிரிக் குனிஞ்சன். அவர் சொன்னார்: "இனி நிப்பாட்டவான்னு என்கிட்டக் கேக்க வாணாம் தம்பி, நிப்பாட்டிட்டுச் சொல்லுங்க."

இப்ப கொழும்பிலயிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்றதுக்குள்ள எட்டு இடத்தில நிப்பாட்டுறன். எல்லாரும் இறங்கி அவரவர் சாமியைக் கும்பிடுகினம், நான் மட்டும் கரவனுக்குப் பின்னால போய்ப் பட்டியைக் கும்பிட்டிட்டு வாறன்.