மலையை இடமாகச் சுற்றிய ரயில்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு வேங்கிக்காலில் மாடி வீடு, ஓடுகிற லாரிகள், என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிற பி.காம். படித்த மேனேஜர் எல்லாம் இருக்கிறது. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. நானாகத்தான் ஏறி வந்தேன். என்னை ஏமாற்ற இந்த ஜில்லாவில் ஒருத்தன் பிறக்கவில்லை என்று வீட்டில் அடிக்கடி சொல்லுவேன், வீட்டுக்காரியும் மறுத்ததில்லை. இந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. அதை ஊர் முதலில் பார்த்தது நான் மூன்றாவது படிக்கும்போது, எங்கள் தெரு வாலிபர் மன்றத்தார் நடத்திய பொருட்காட்சியில்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அப்போது எங்களோடுதான் இருந்தார். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு அவரைக் கைவிட்டது. அதற்கு முன்னாலேயே அவர் கணக்கைக் கைவிட்டிருந்தார். பொழுது விடிந்தால் யாருடைய சைக்கிளையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். திரும்பச் சேர்த்தும் வைப்பார், அதில் குறை சொல்ல முடியாது. டவுனில் ஒரு சைக்கிள் கடை வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அப்பா வேர்க்கடலை மூட்டைகள் வந்து இறங்கும் மல்லாட்டை மண்டியில் வேலை பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் சிரிப்பை எடை போட்டுத்தான் வெளியே விடுவார். அவருக்குத் தெரிந்தவர் ஒருவரின் அரிசி மில் கீழ்பென்னாத்தூரில் இருந்தது. மாமாவை அங்கேயே தங்கி வேலை செய்ய அனுப்பிவிடுவதென்று அப்பா முடிவு கட்டியிருந்தார். இன்றைக்கு என் லாரி டிரைவர் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் கீழ்பென்னாத்தூர் வந்துவிடும். அன்றைக்கு எனக்கு அது வேறு சீமை. மாமா போய்விட்டால் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து, கரி என்ஜின் தண்ணீர் பிடிப்பதைக் காட்ட ரயிலடிக்குக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்? அம்மாவும் அடுப்பங்கரையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு வெங்காயம் என்றாள். அன்று சமையல் கீரை.

அந்தச் சமயத்தில்தான் தீபத் திருவிழாவை ஒட்டிப் பொருட்காட்சி வைக்கப்போவதாக மன்றத்தார் தட்டி வைத்தார்கள். ஓடுகிற ரயில் ஒன்று செய்து காட்டுவதாக மாமா பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அப்பா சாப்பிட்டு எழுந்தபடியே சொன்னார்:

“நாலு பேர் எதிர்ல உன் ரயிலு ஓடட்டும். ஓடுச்சின்னா, கடைக்கு நானே எடம் பாக்கறேன். நின்னுச்சின்னா, திங்கக்கிழமை மொத பஸ்ஸு, கீழ்பென்னாத்தூரு. பேச்சு ஒண்ணுதான்.”

“சரி மாமா,” என்றார் மாமா. அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் ஒரே மாமா மயம்.

அன்று முதல் எங்கள் கொல்லைப்புறம் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆகிவிட்டது. ஒரு மேசையளவுக்கு ஹார்ட்போர்டு பலகை. பலகைக்கு அடியில் ஒரு பழைய சைக்கிளின் பின்சக்கரத்தைப் படுக்கவைத்துப் பொருத்தினார். ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அந்தச் சக்கரத்தின் விளிம்பில் கட்டினார். மேலே பிஸ்கெட் டின்னை வெட்டிச் செய்த என்ஜின். சக்கரம் கீழே சுற்றினால் காந்தம் சுற்றும். காந்தம் சுற்றினால் மேலே என்ஜின் தானாகப் போகிற மாதிரி இருக்கும். மேசை ஓரத்தில், துணி மறைப்புக்குள் செயின் மாட்டிய பெடல். அதை நான் உட்கார்ந்து கையால் சுற்ற வேண்டும். ஆக, அந்த ரயிலுக்கு டிரைவர் நான்தான். முதலில் சைக்கிள் கம்பியை வளைத்துத் தண்டவாளம் போட்டார். காந்தம் தண்டவாளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரயிலைக் கைவிட்டுவிட்டது. பிறகு மூங்கிலைச் சீவி, வெள்ளிப் பெயிண்ட் அடித்துப் போட்டோம். “மூங்கில் போடலாம் மாமா” என்று சொன்னது நான்தான். அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பெரியவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள்.

வெறும் ரயிலுக்குக் கூட்டம் சேராவிட்டால் என்ன செய்வது என்று மாமாவுக்குப் பயம். ஆகவே நடுவில் எங்கள் ஊர் மலையை வைத்துவிடலாம் என்று யோசனை செய்தார். மண்டியிலிருந்து வந்த கிழிந்த சாக்கைக் கூடைமேல் போர்த்தி, கஞ்சியும் செம்மண்ணும் பூசித் தனியாக ஒரு மலை செய்து காயவைத்தோம். கிட்டப் போனால் மல்லாட்டை வாசனை அடிக்கும், ஆனால் பார்வைக்கு அசல் அண்ணாமலை. ரயில் அந்த மலையைச் சுற்றி வரும்.

மலையைச் சுற்றுவதென்றால் வலமாகச் சுற்ற வேண்டும் என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். மாமாவுக்குத் தெரியாதா? பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சக்கரம் சுற்றுவதை அண்ணாந்து பார்த்து, “வலமாத்தான் போவுது” என்று திருப்தியாகச் சொல்லித்தான் நட்டை முடுக்கினார்.

பொருட்காட்சி அன்று மதியம் எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றி, காட்சி நடக்கும் சத்திரத்துக்குக் கொண்டுபோனோம். பலகையை மேசைமேல் வைத்து ஆணி அடித்தாயிற்று. மலையை நடுவில் ஒட்டி, உச்சியில் டார்ச் பல்பு வைத்தாயிற்று. என்ஜின் புகைபோக்கியில் ஊதுவத்தி செருகினோம். நான் துணிக்குள் நுழைந்து பெடலைச் சுற்றினேன். ரயில் புகைவிட்டுக்கொண்டு புறப்பட்டது.

மன்றத்துச் செயலாளர் பார்க்க வந்தார். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். நெற்றி நிறைய விபூதி.

“எந்த ஊர்லய்யா மலையைச் சுத்தி ரயிலு ஓடுது?”

“நடக்க முடியாத கெழவன் கெழவிங்களுக்குங்க,” என்றார் மாமா. “ஒக்காந்துகினே கிரிவலம்.”

“ஒக்காந்துகினே போனா புண்ணியம் கம்மியாயிடாதா?”

“மூணாம் கிளாஸுல போனா கம்மியாவாதுங்க.”

செயலாளர் சிரித்துவிட்டார். ரயில் ஒரு சுற்று வந்தது. அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. விரலால் காற்றில் வட்டம் போட்டுப் பார்த்தார்.

“யோவ், இது மலையை எடமா சுத்துதுய்யா!”

மாமா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தார். அடியிலிருந்து பார்த்தால் வலம். எழுந்து நின்று பார்த்தால் இடம். மலை இல்லாமல் வெறும் பலகையில் ஓடியவரை எந்தப் பக்கம் ஓடினாலும் அது ரயில்தான். நடுவில் மலை வந்த பிறகுதான் குற்றம் வந்தது.

“தீப நாளும் அதுவுமா இதை வெச்சா ஜனங்க நம்பளை வுடுவாங்களா? திருப்பி வுடு. முடியலன்னா ரயிலை நிறுத்திட்டு மலையை மட்டும் வையி,” என்று சொல்லிவிட்டுச் செயலாளர் போய்விட்டார்.

ரயில் நின்றால் கீழ்பென்னாத்தூர். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினேன். சைக்கிளைப் பின்னால் மிதித்தால் என்ன ஆகும்? கரகரவென்று சத்தம் வந்ததே தவிர, சக்கரம் அசையவில்லை. சக்கரத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்ட வேண்டுமென்றால் மலை, தண்டவாளம் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும். வாசலில் திறப்பு விழாவுக்கு மேளக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

மாமா செயினைக் கழற்றி எறிந்தார். ரயிலைத் தூக்கி எதிர்ப்பக்கம் பார்த்து வைத்தார். “கீழ போயி சக்கரத்தையே கையால தள்ளுடா,” என்றார். தள்ளினேன். என் கைக்கு அவ்வளவு பெரிய சக்கரம் எட்டி எட்டித்தான் வந்தது. ரயில் ஓடும், நிற்கும், துள்ளும். ஒரு துள்ளலில் கடைசிப் பெட்டி மலைமேல் ஏறிவிட்டது.

அந்த நேரத்தில் அம்மா எங்களுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். மாமா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டாள். தூக்கைக் கீழே வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள்.

“நவுருடா,” என்று என்னைத் தள்ளிவிட்டு மேசைக்குள் புகுந்தாள்.

“அக்கா, இன்னாக்கா இது? யாராவது பாத்தா?”

“பாத்தா இன்னா? தெனம் ஆட்டுக்கல்லுல சுத்தற கைதானே. எந்தப் பக்கம் சுத்தணும், அதச் சொல்லு.”

“மாவாட்டற பக்கமேதான்.”

“துணியை இழுத்து வுடு. உங்க மாமா வந்தா நான் வூட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லு.”

ரயில் புறப்பட்டது. அடடா! அதற்குப் பிறகு எத்தனையோ ரயிலில் போய்விட்டேன், ஏ.சி.யிலும் போயிருக்கிறேன், அப்படி அலுங்காமல் போன ரயிலைப் பார்த்ததில்லை. மாவு அரைக்கிற சீரில், ஒரே நிதானத்தில், மலையை வலமாக, ஊதுவத்திப் புகையை இழுத்துக்கொண்டு வந்தது. செயலாளர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் சத்திரம் கொள்ளாத கூட்டம். பக்கத்து மேசையில் இருந்த தையல் வேலையையும் மெழுகுப் பொம்மையையும் பார்க்க ஆளே இல்லை. ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “இத மட்டும் நெசமா வுட்டாங்கன்னா என் முட்டி பொழைக்கும்பா,” என்றார். மாமா கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கார்டு. கையில் பச்சைத் துணி, வாயில் விசில்.

அப்பா மண்டியிலிருந்து நேராக வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரயிலை ஒரு சுற்று, இரண்டு சுற்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீதானே பெடலு சுத்தறதா சொன்னே?”

“இல்லப்பா. தானா ஓடுது. கரெண்டு,” என்றேன்.

அப்பா ஒயர் எங்கே என்று தேடுவது போல மேசையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். அப்போது பார்த்து, துணிக்குள்ளே வளையல் குலுங்கியது. நான் விடுவேனா? காது கிழிய ஒரு விசில் ஊதினேன். மறுபடியும் குலுங்கியது. மறுபடியும் ஊதினேன். அப்பா காதைக் குடைந்துகொண்டார். அவர் எதையும் கவனிக்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த வயதிலேயே நான் அப்படிப்பட்ட கெட்டிக்காரன்.

“அம்மா எங்க?”

“வூட்டுக்குப் போயிட்டாங்க மாமா,” என்றார் மாமா. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

அப்பா மேசையின் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “நல்லா ஓடுது,” என்றார். “எங்கியும் நிக்கல.” பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எடம் இருக்குது. நாளைக்கு என்கூட வா, பாக்கலாம். மில்லுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடறேன்,” என்றார்.

மாமா கூட்டத்தைப் பார்த்து, “இது மீட்டர் கேஜுங்க,” என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். மேசைக்கு அடியில் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம். ரயில் மட்டும் நிற்கவில்லை. நான் அதற்கும் ஒரு விசில் ஊதினேன்.

அப்பா வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ இருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, “இத உள்ள குடுத்துடு,” என்றார்.

உள்ளே என்றால் எங்கே? எனக்கா தெரியாது? தண்டவாளத்துக்கு உள்ளே இருப்பது மலை. பூச்சரத்தை உதறிப் பிரித்து, ரயில் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து எட்டி, உச்சியிலிருந்து சரியும்படி மலைக்குச் சாத்தினேன். டார்ச் பல்பு வெளிச்சத்தில் மல்லிகை பளிச்சென்றது. கூட்டத்தில் யாரோ “அரோகரா!” என்றார்கள். சத்திரம் முழுக்க “அரோகரா!” போட்டது. கிழவர் அழுதேவிட்டார். அப்பா மட்டும் உள்ளங்கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். அதுவும் பக்தி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். மறுமாதமே மாமா கடை போட்டார். பிற்பாடு என் முதல் லாரியின் முதல் பஞ்சரைப் பார்த்தவரும் அவர்தான். ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்ல.

கூட்டம் கலைந்ததும் மாமா துணியைத் தூக்கினார். தலையெல்லாம் தூசியோடு அம்மா வெளியே வந்து, எதிரில் அப்பா நிற்பதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“பூ வாங்கிக் குடுத்தேன். உன் புள்ள மலைக்கு வெச்சுட்டான்,” என்றார் அப்பா.

அம்மா மலையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பூவை எடுத்து, செம்மண்ணைத் தட்டிவிட்டுத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா! சாமிக்குச் சாத்தினது அது!” என்று கத்தினேன்.

“சாமி ஒண்ணும் சொல்லமாட்டாருடா,” என்றார் அப்பா. சொல்லிவிட்டு, நான் அதுவரை பார்த்திராத விதமாக, எடை போடாமல் சிரித்தார்.

மாமா கதவு சாத்துவதற்காக நின்றுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். நான் விசில் ஊதிக்கொண்டு முன்னால் போனேன். திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், இரண்டு பேரும் வந்து சேருகிற வழியைக் காணோம். எப்போதும் அப்பா நாலடி முன்னால் போவார், அம்மா பின்னால் ஓடுவாள். அன்றைக்கு ஒட்டினாற்போல, தேர் நகர்வதுபோல நகர்ந்து வந்தார்கள். தெருமுனைக்குத் தெருமுனை நின்று காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாவம், அவ்வளவு நேரம் மேசைக்கு அடியில் உட்கார்ந்ததில் அம்மாவுக்குக் கால் மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.