அஞ்சு எச்.பி. மோட்டாரும் நானும்

அம்மாவின் தம்பி, என் மாமா, கம்பத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அதோடு நின்றிருக்கலாம். ஓர் ஆளைத் தூக்க எத்தனை எச்.பி. வேண்டும், சுழலும் இறக்கை எவ்வளவு நீளம் வேண்டும் என்ற கிறுக்கு அவர் தலைக்குள் புகுந்துவிட்டது.

அவரிடம் இருந்தது ஒரு பழைய அஞ்சு எச்.பி. மோட்டார். அது தன் கனத்தையே தூக்காது. அதற்கும் வழி வைத்திருந்தார். எங்கள் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றடியில், கல்தூணின் மேல் நீளமான இரும்புக் குழாயைத் தராசுக்கோல் போலப் பொருத்தி, ஒரு முனையில் இறக்கை பூட்டிய மோட்டாரையும் மறுமுனையில் அதே எடைக்குக் கல்லையும் கட்டினார். இனி இறக்கை தூக்க வேண்டியது ஆளை மட்டும்தான். வீட்டிலேயே கனம் குறைந்த ஆள், ஏழு வயதுப் பெண்பிள்ளை நான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் லேசாக வேண்டுமென்று இட்லியை ரகசியமாக நாய்க்குப் போட்டேன். மெலிந்துபோன பிள்ளைக்குக் கண்பட்டுவிட்டதென்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். பிறகு எனக்காக வேண்டிக்கொள்ள வீரபாண்டி அம்மன் கோயிலுக்கு பஸ் ஏறினாள். மாமா காத்திருந்தது அதற்குத்தான்.

மோட்டாருக்குக் கீழே தொங்கிய பலகையில் என்னை உட்காரவைத்துக் கட்டினார். “கையை மேல நீட்டிராத ஆத்தா. அக்கா பாத்தாகன்னா என்னையக் கொன்னே போட்ருவாக.”

சுவிட்சைப் போட்டார். இலவ மரத்தில் செதுக்கிய இறக்கை சுழன்றது. லேசான மரம் என்று தேடி எடுத்தவர், அதன் பலத்தைப் பார்க்கவில்லை. ஒரே புழுதி. என் கால் தரையை விட்டது. அய்யோ, நிஜமாகவே விட்டது! திராட்சைப் பந்தலின் மேல்பக்கம் தெரிந்தது.

“ஏலே! பிள்ளைய எறக்குடா!”

அம்மா திருநீறும் கையுமாக வரப்பில் நின்றாள். மாமா சுவிட்சுக்குப் பாய்வதற்குள் படாரென்று ஒரு சத்தம். குழாய் சாய்ந்து, நான் பலகையோடு பொத்தென்று விழுந்தேன்.

பக்கத்து வாழைமரத்தில் பாதி இறக்கை கத்திபோலச் செருகி நின்றது. அதன் நுனியில் என் சிவப்பு ரிப்பன், கொஞ்சம் முடியோடு.

அம்மா என் தலையையும் கழுத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

“எம்புட்டு ஒசரம் போனேன் மாமா?” என்று கேட்டேன். ரிப்பன் போச்சே என்று ஓவென்று அழுதேன்.

மறுநாள் மாமா ஒரு ரோல் சிவப்பு ரிப்பன் வாங்கிவந்து, வீட்டுக்குள் வராமல் வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை ஒருநாளும் என் தலையில் கட்டவில்லை. நானோ, பறந்ததற்கு மாமா கொடுத்த பரிசு என்று அதைத் தெருவெல்லாம் காட்டித் திரிந்தேன்.